திரை, பேட்டரி, கீல்: மடிக்கணினிக் கட்டுரையில் விடுபட்ட மூன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கியிருக்கும் இவ்வேளையில், 50,000 ரூபாய்க்குள் மாணவர்கள் வாங்கத்தக்க மடிக்கணினிகள் எவை என்று தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிராசசர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது, ரேம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகம் எவ்வளவு என்பதெல்லாம் கட்டம் போட்டுத் தெளிவாகக் கொடுத்திருந்தீர்கள். ஆனால் திரை எவ்வளவு வெளிச்சம் தரும், பேட்டரியின் கொள்ளளவு என்ன, மூடியைத் தாங்கும் கீல் எதில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பன பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இந்த மூன்றையும் விசாரிக்காமல் பிறருக்கு ஒரு மடிக்கணினியைப் பரிந்துரைத்துவிட்டு, பின்னர் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியவன் நான். ஆகவே கடிதம் சற்று நீண்டாலும் பொறுத்தருளி வெளியிட வேண்டுகிறேன்.

குடியாத்தத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்திவருகிறேன். அரசுத் தேர்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு லோயர், ஹையர் நிலைத் தட்டச்சுச் சொல்லிக்கொடுப்பதோடு, பிற்காலத்தில் கணினி வகுப்பையும் சேர்த்துக்கொண்டோம். அதனால், எங்கள் பகுதியில் எந்த வீட்டில் மடிக்கணினி வாங்குவதென்றாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் அவ்வாறு கேட்டு வந்த பத்துக் குடும்பங்களுக்கு, நான் எனக்காக அப்போதுதான் வாங்கியிருந்த அதே மாடலையே சொன்னேன். 15.6 அங்குலத் திரை, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விலை 48,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஆக, என்னுடையதையும் சேர்த்து, ஒரே மாடலில் 11 மடிக்கணினிகள் மூன்று ஆண்டுகளாக என் பார்வையில் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே விலையில் வேறு நிறுவனங்களின் மடிக்கணினிகளை வைத்திருப்போரும் ஏறக்குறைய இதே அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள் என்பதால், ஒரு பெயரைச் சொல்லி மற்றவர்களைத் தப்பவிடுவது முறையாகாது.

நியாயமாகச் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகத்தில் அந்த மாடல் யாரையும் ஏமாற்றவில்லை. பொத்தானை அழுத்திய சில நொடிகளில் இயங்கத் தொடங்குகிறது, கணக்கெழுதும் டேலி மென்பொருள் ஓடுகிறது, வகுப்புக் காணொளி தடங்கலின்றி வருகிறது. பதினொன்றில் நான்கு பேருக்கு இன்றுவரை சொல்லும்படியான குறை எதுவும் இல்லை. குறைபட்ட ஏழு பேரிலும் ஒருவர்கூடப் பிராசசரையோ ரேமையோ குற்றம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். விளம்பரத்தில் எண்ணாகப் போடப்படுபவை அனைத்தும் சரியாகவே இருந்தன. எண் போடப்படாத இடங்களில்தான் செலவு குறைக்கப்பட்டிருந்தது.

திரையை எடுத்துக்கொள்வோம். பெட்டியின்மேல் ‘ஃபுல் எச்டி’ என்று எழுதியிருந்தது. அது 1920க்கு 1080 என்ற புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே குறிக்கும்; அந்தப் புள்ளிகள் எவ்வளவு ஒளி தரும் என்பதை அது சொல்வதில்லை. ஒளியின் அளவை நிட் என்ற அலகால் கணக்கிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கேண்டெலா என்பதே ஒரு நிட். நடுத்தர விலை மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றின் திரை, முழு வெளிச்சத்தில் வைத்தாலும் 250 நிட் அளவிலேயே நின்றுவிடுகிறது, சிலவற்றில் 220தான். குழல்விளக்கு எரியும் அறைக்குள் இது போதும். ஆனால் எங்கள் ஊரில் பிள்ளைகள் காற்றுக்காகத் திண்ணையிலும், வாசற்படியிலும், மாடிப்படி வளைவிலும் உட்கார்ந்து படிப்பவர்கள். காலை பத்து மணிக்குமேல் அங்கே திரையில் எழுத்தைவிட அவர்களுடைய முகமே தெளிவாகத் தெரிகிறது. அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கிய கைப்பேசியை அதே இடத்தில் வசதியாகப் படிக்க முடிகிறது என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை.

நிறத்திலும் இதே நிலைதான். குடியாத்தம் லுங்கிக்குப் பெயர் போன ஊர் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். நான் சொல்லி வாங்கியவர்களில் ஒருவர் லுங்கி உற்பத்தியாளரின் மகன். கட்டங்களின் வண்ணச் சேர்க்கையைத் திரையில் அமைத்து, வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பி, ஒப்புதல் கிடைத்த பிறகே நூலுக்குச் சாயம் போடச் சொல்வார். அவருடைய திரையில் செங்கல் நிறமாகத் தெரிந்த நூல், வியாபாரியின் கைப்பேசியில் நல்ல சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு பாவுக்கான நூல் தவறான சாயத்தில் தோய்ந்த பிறகே காரணம் புரிந்தது. ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று தொழில்நுட்பக் குறிப்பேட்டின் கடைசியில் சிறிய எழுத்தில் இருந்தது. என்டிஎஸ்சி என்பது பழைய தொலைக்காட்சி வண்ண அளவுகோல். அந்தக் குறிப்பின் பொருள், இணையத்திலும் கைப்பேசிகளிலும் வழக்கமாகக் காட்டப்படும் எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே இந்தத் திரையால் காட்ட முடியும் என்பதாகும். சிவப்பும் பச்சையும் வெளிறிப்போவது இதனால்தான். இது பழுதன்று, வாங்கும்போதே அதன் தன்மை அதுதான். ஆனால் அதைச் சொல்லி விற்றிருந்தால் அவர் வேறொன்றை வாங்கியிருப்பார்.

இன்னொன்றையும் பிற்பாடுதான் கண்டறிந்தோம். பதினொன்றையும் ஒருநாள் பயிலகத்தில் வரிசையாகத் திறந்து வைத்துப் பார்த்தபோது, இரண்டின் திரை மட்டும் மேலிருந்து பார்த்தால் வெளுத்தும் கீழிருந்து பார்த்தால் இருண்டும் தெரிந்தது. மற்ற ஒன்பதில் இருப்பது எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரியும் ஐபிஎஸ் வகை. அந்த இரண்டில் இருப்பது டிஎன் என்னும் பழைய வகை. மாடல் பெயர் ஒன்று, பில்லில் உள்ள விலையும் ஒன்று, உள்ளே இருக்கும் பேனல் மட்டும் வேறு. நிறுவனங்கள் ஒரே மாடலுக்குப் பல இடங்களிலிருந்து திரை வாங்குவது தொழில் வழக்கம் என்று பழுதுபார்ப்பவர் விளக்கினார். வழக்கமாகவே இருக்கட்டும், எனக்கு எது வந்தது என்று பெட்டியில் எழுதுவதில் என்ன தடை?

பேட்டரியைப் பற்றி விரிவாக எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் எங்கள் மாவட்டத்தின் வெயிலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. விளம்பரத்தில் ‘9 மணி நேரம் வரை’ என்று இருந்தது. பேட்டரியின் கொள்ளளவோ 41 வாட்-அவர்; அதாவது ஒரு வாட் வீதம் செலவானால் 41 மணி நேரம் தாங்கும். 41ஐ 9ஆல் வகுத்தால், சராசரியாக நாலரை வாட்டுக்குச் சற்று மேல் மட்டுமே செலவானால்தான் அந்த ஒன்பது மணி நேரம் வரும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை நிறுத்தி, சேமித்து வைத்த ஒரு காணொளியை ஓடவிட்டால் அந்த அளவுக்கு அருகில் வரலாம். நம் பிள்ளை வைஃபையில் இணையவழி வகுப்பைக் கவனித்துக்கொண்டே திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் 10 முதல் 12 வாட் வரை செலவாகும். அப்போது கிடைப்பது மூன்றரை முதல் நான்கு மணி நேரம். இந்த வகுத்தல் கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போடும். அதற்குத் தேவையான வாட்-அவர் எண்ணைத் தங்கள் கட்டுரை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இது புதிதாக இருக்கும்போதுள்ள கணக்கு. லித்தியம் அயான் பேட்டரி முந்நூறிலிருந்து ஐந்நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கிய பின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. ஆனால் ஏற்றி இறக்காமல் சும்மா வைத்திருந்தாலும், சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் அது இன்னும் விரைவாகத் தேய்கிறது. இத்துறையினர் பரவலாக எடுத்தாளும் கணக்கு இது: 25 டிகிரி செல்சியஸில் முழுச் சார்ஜுடன் ஓராண்டு வைத்தால் பேட்டரியில் ஏறக்குறைய 80 சதவீதம் மிஞ்சும், அதையே 40 டிகிரியில் வைத்தால் 65 சதவீதம்தான் மிஞ்சும். அதே 40 டிகிரியில் பாதிக்கும் குறைவாக, 40 சதவீதச் சார்ஜில் வைத்திருந்தால் 85 சதவீதம்வரை நிற்கும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் 106 டிகிரி ஃபாரன்ஹீட் என்று தாங்களே செய்தி வெளியிடுகிறீர்கள். அது 41 டிகிரி செல்சியஸ். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நெசவு வீட்டுக்குள் அது இன்னும் கூடுதல். அந்த வீட்டில்தான், கரண்ட் போனால் கைகொடுக்கட்டும் என்று மடிக்கணினியை இரவும் பகலும் சார்ஜரிலேயே மாட்டி, எப்போதும் 100 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கெடுப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. அதை அவர்கள் அக்கறை என்று நினைத்துச் செய்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

எங்கள் மாடலிலேயே, சார்ஜ் 80 சதவீதத்தை எட்டியதும் நிறுத்திக்கொள்ளும் அமைப்பு, நிறுவனத்தின் மென்பொருளுக்குள் இருந்தது. வாங்கி 14 மாதங்கள் கழிந்த பிறகே அது எனக்குத் தெரியவந்தது. விற்ற கடையில் ஒருவரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளிலும் அது இல்லை. 2024 ஜனவரியில் பதினொன்றின் பேட்டரியையும் சோதித்தேன். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு சேர்த்து பேட்டரிரிப்போர்ட் என்று தட்டி என்டரை அழுத்தினால் ஓர் அறிக்கை கிடைக்கும். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’ என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு. ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்பது இன்று எஞ்சியிருப்பது. தினமும் வகுப்புக்கு எடுத்துச்சென்று, சார்ஜரில் மாட்டாமலே பயன்படுத்திவந்த விடுதி மாணவியின் பேட்டரியில் 41,000த்துக்கு 36,000 மில்லிவாட்-அவர் இருந்தது. குடோனில் கணக்கெழுதுவதற்காக ஒருநாளும் பிளக்கைக் கழற்றாமல் வைத்திருந்தவருடையதில் 22,000தான் இருந்தது. அதிகம் உழைத்தது நன்றாக இருக்கிறது, உட்கார்ந்தே இருந்தது தேய்ந்துவிட்டது என்பதைக் கண்டு அவர் நம்ப மறுத்தார்.

தேய்மானத்தோடு முடியாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதை எழுதும்போது இன்றும் மனம் பதறுகிறது. ஒரு நெசவாளரின், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளுடைய மடிக்கணினியில் டச்பேட் மெல்ல மேலெழும்பி, அழுத்தினால் வேலை செய்யாமல் போயிற்று. டச்பேட் பழுது என்று நினைத்து, சமமாகட்டும் என்று அதன்மேல் இரவெல்லாம் தடித்த புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது கீழ்மூடியும் பிதுங்கியிருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கக்கூடும். அதைக் கண்டவுடன் கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அறிந்தவர் கையால் அகற்ற வேண்டும். நகராட்சிக் குப்பையில் போடவும் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. அந்தப் பெண்ணின் தந்தை என்னைக் கடிந்து ஒன்றும் பேசவில்லை. “சார் சொன்னீங்கன்னுதான் வாங்கினோம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கட்டமைப்பைப் பொறுத்தவரை எல்லாக் குறையும் கீலில் வந்து முடிகிறது. பதினொன்றில் மூன்றின் கீல் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பெயர்ந்துவிட்டது. கீல் உலோகம்தான், உறுதியானதுதான். ஆனால் அதன் திருகுகள் இறங்குவது, பிளாஸ்டிக் மூடியில் பதித்த சிறு பித்தளைக் குமிழ்களுக்குள். தேக்குக் கதவின் கீலை அட்டைப் பலகையில் அறைந்தது போன்ற அமைப்பு இது. நாளாக ஆக உள்ளே உள்ள மசகு வற்றிக் கீல் இறுகுகிறது. நாமோ திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிறோம். விசை முழுவதும் அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் விழுந்து குமிழ் பிய்த்துக்கொண்டு வருகிறது. முதலில் மூடும்போது ஒரு ‘டக்’ ஓசை, பிறகு மூலையில் ஒரு விரிசல், பிறகு திரைச் சட்டமே பிளக்கிறது. நடுவில் பிடித்துத் திறக்கவேண்டும் என்று மாணவர்களுக்கு இப்போது சொல்லிவருகிறேன். அதே நேரத்தில், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை திறந்து மூடப்படும் ஒரு பொருள், ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் உடையும்படி இருப்பது பயன்படுத்துவோரின் குற்றமாகாது.

அந்தக் குற்றத்தைத்தான் எங்கள்மேல் சுமத்தினார்கள். வாரண்டி முடிய இரண்டு மாதங்கள் இருந்த ஒரு மடிக்கணினியை, சேவை மையத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று எழுதி, மேல்மூடி மாற்ற 7,500 ரூபாய் கேட்டார்கள். கீழே விழுந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லையே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இறுதியில் ஊரிலேயே ஒரு பழுதுபார்ப்பவர் எம்-சீல் பசை வைத்து ஒட்டிக்கொடுத்தார். ஐந்து மாதம் நின்றது. கீபோர்டும் அப்படியே. திருகுகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் முளைகளை உருக்கி மேல்தகட்டோடு ஒட்டியிருப்பதால், ஒரு விசை போனால் தகட்டையே மாற்றச் சொல்கிறார்கள். தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்து உடைந்தால் அந்த எழுத்தை மட்டும் பற்றவைத்து, அதே இயந்திரத்தில் அடுத்த தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பிய எனக்கு இது பொறுக்கவில்லை.

பழுது பார்ப்பதற்கான தொலைவையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். வடஆற்காடு 1989இல் பிரிந்தது; வேலூர் மாவட்டமும் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. ஆயினும் அந்த நிறுவனத்தின் மடிக்கணினிக்கு வாணியம்பாடிக்காரரும் பேரணாம்பட்டுக்காரரும் வேலூருக்கே வரவேண்டியிருக்கிறது. குடியாத்தத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். பதிவு செய்ய ஒருநாள், பொருள் வந்ததும் ஒருநாள், பெற்றுக்கொள்ள ஒருநாள் என்று ஒரு பேட்டரிக்கு மூன்று நாள் கூலி போகிறது. பேட்டரியை மட்டும் தனியாக விற்க மறுப்பதால், பலர் தரமுத்திரை எதுவுமற்ற பேட்டரியைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இதன் ஆபத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

இந்த நிலையில் வாங்கியவர் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியன்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அதில் தீரவில்லையென்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை இணையத்தில் எந்த ஊர்க் கடையிலிருந்து வாங்கியிருந்தாலும், தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். எங்களில் ஒருவர் சேவை மையத்தின் ‘பிசிக்கல் டேமேஜ்’ சீட்டையும் கீலின் படங்களையும் வைத்து 1915இல் முறையிட்ட பிறகு, நிறுவனம் மேல்மூடியை இலவசமாக மாற்றிக்கொடுத்தது. பில்லையும் சேவைச் சீட்டையும் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

ஆனால் முறையீடு என்பது பொருள் கெட்ட பிறகு செய்வது. வாங்குவதற்கு முன் தகவல் கிடைக்கச் செய்வது தங்களைப் போன்ற நாளிதழ்களால் ஆகும் காரியம். பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளை விற்கும்போது, பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் காட்டவேண்டும் என்று சட்டமே செய்தார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. பெட்டியின்மேல் இந்த விவரங்கள் கட்டாயமாகும் நாள் வரும்வரை, தங்கள் மாணவர் பக்கத்தில் மடிக்கணினியைப் பரிந்துரைக்கும்போது திரையின் நிட் அளவையும், பேனல் எந்த வகை என்பதையும், பேட்டரியின் வாட்-அவரையும், கீலும் பேட்டரியும் எத்தனை மாத வாரண்டிக்குள் வரும் என்பதையும், வாரண்டிக்குப் பின் திரையும் பேட்டரியும் மாற்ற என்ன விலை என்பதையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிப் பிரசுரிக்க வேண்டும். தர மறுக்கும் நிறுவனத்துக்கு நேரே ‘தரவில்லை’ என்று போட்டாலே போதும். கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: விண்டோஸைத் தொடங்கிக்கொடுக்கும் அந்த அரைமணி நேரத்தில், 80 சதவீத வரம்பையும் அமைத்து, அது எதற்கு என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இதனால் கடைக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

நான் குறிப்பிட்ட அந்த நெசவாளரின் இளைய மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறாள். எதை வாங்கலாம் என்று சென்ற வாரம் மறுபடியும் என்னிடமே வந்து கேட்டார். தங்கள் கட்டுரையில் உள்ள மாடல்களைக் காட்டி, இவற்றின் திரை, பேட்டரி விவரங்கள் கிடைத்த பிறகு சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன். வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே அவை தங்கள் பக்கத்தில் வெளிவந்தால் அவரிடம் எடுத்துச்சென்று காட்டுவேன்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிலக ஆசிரியர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.